தேதி சொன்னால் நம்புகிறவள்

யாராவது ஒரு தேதி சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள். சொன்னது தையல்காரரா, சிலிண்டர் போடுகிறவரா, எங்கள் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்த ஆளா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். "வியாழக்கெழமைன்னு சொல்லியிருக்காருக்கா" என்பாள். சொல்லும்போதே அவள் முகம் தெளிந்துவிடும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் ஃப்ளாட் அவளுடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். இப்போது விசாகப்பட்டினத்தில் இருக்கிறாள். பொங்கலுக்கும் என் பிறந்த நாளுக்கும் போன் பண்ணுவாள். என் பிறந்த நாள் எனக்கே மறந்திருக்கும், அவளுக்கு மறக்காது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஏன் அவ்வளவு எரிச்சல் என்று புரியாது. பிறந்து வளர்ந்ததெல்லாம் வியாசர்பாடி. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பம்ப் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில். காலையிலிருந்து சாயங்காலம் வரை போனை எடுத்து நான் பேசுவது ஒன்றே ஒன்றுதான். "லோடு ஏறிடுச்சு சார், நாளைக்குக் காலைல உங்க வாசல்ல நிக்கும்." அந்த பம்ப் அப்போதுதான் பெயின்ட் காயாமல் கிடக்கும். சில நாள் வார்ப்படமே வந்திருக்காது. தேதி என்பது எதிராளியின் வாயை அடைக்க வீசுகிற பிஸ்கட் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு எதிர் வீட்டில் இவள் வந்து வாய்த்தாள்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தையல்காரர் இருந்தார். வியாழன் என்று அவர் சொன்னால் வியாழக்கிழமை சாயங்காலம் இவள் போய் நிற்பாள். அவர் சனிக்கிழமை என்பார். சனிக்கிழமையும் போவாள். சண்டை போட மாட்டாள், முணுமுணுக்கக்கூட மாட்டாள். ஒரு நாள் அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டுப் புலம்பினார். "யக்கோவ், மத்த கிராக்கிங்க வந்தா கத்துவாங்க, நானும் பதிலுக்குக் கத்துவேன், சரியாப் பூடும். இந்தம்மா நான் சொல்றத அப்டியே நம்பிக்கினு நிக்குது. எனக்கே பேஜாராப் பூடுது." அன்றைக்கு மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அவள் ஜாக்கெட்டை முடித்துக் கொடுத்தாராம்.

அவள் வேலை பார்த்தது ஆவடியில் ஒரு கண்ணாடிக் கடையில். பவர் பார்த்து, ஃப்ரேம் எடுத்துக் கொடுத்து, எப்போது வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை யாரோ ஒரு லாரி டிரைவருக்குத் திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டாள். லென்ஸ் வந்து சேரவில்லை. இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி சென்ட்ரல் போய், லென்ஸ் செய்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, கையோடு வாங்கி வந்தாள். "உனக்கு இன்னாடி தலையெழுத்து? செவ்வாக்கெழமைன்னு ஒரு போன் போட்டா முடிஞ்சிது" என்றேன். "தேதி சொல்லிட்டேனேக்கா" என்றாள், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது போல.

தான் சொன்ன தேதியைக் காப்பாற்றுகிறவள், ஊரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். பட்டாபிராமிலும் ஆவடியிலும் இருந்துகொண்டு அப்படி நினைப்பதில் பெரிய ஆபத்து இல்லை. தண்ணீர் லாரி வராது, லிஃப்ட் ஓடாது, அதோடு போய்விடும். அவள் வீட்டுக்காரரோ நேவியில் இருந்தார்.

எஞ்சின் பக்கம் வேலை. நம் நேவிக்காக ஏதோ ஒரு குளிர் நாட்டில் புதுப் போர்க்கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல் முடியும் முன்பே இங்கிருந்து ஆட்களை அனுப்பிவிடுவார்களாம். அந்தக் கப்பலை ஓட்டப் போகிறவர்களே அங்கே தங்கி, அதைப் படித்து, ஒவ்வொரு மெஷினாக ஓட்டிப் பார்த்து, சரி என்றால் வாங்கிக்கொண்டு ஊருக்கு ஓட்டி வர வேண்டும். அப்படிப் போனவர்களில் இவரும் ஒருவர்.

"நாம ஃப்ளாட் வாங்கற மாதிரிதான்க்கா. சாவி வாங்கறதுக்கு முன்னாடி கொழாய் எல்லாம் தொறந்து பாப்போம்ல?" என்று எனக்கு விளக்கினாள்.

"நாம எங்கடி பாத்தோம்? பாத்திருந்தா எங்கூட்டு பாத்ரூம் ஏன் ஒழுவுது?"

சிரித்தாள். "அதுக்குத்தான் அங்க எங்க வீட்டுக்காரர அனுப்பியிருக்காங்க."

சித்திரையில் போனார். தீபாவளிக்குள் கப்பலைக் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பலைக் கட்டுகிறவன் சொன்னது அது. அதிகாரி இவரிடம் சொன்னார், இவர் அவளிடம் சொன்னார். அவள் நம்பினாள்.

நம்பினாள் என்றால் சும்மா இல்லை. ஒரு வேலை பாக்கி வைக்க மாட்டாள். ஒட்டடை அடிப்பாள், திரைச்சீலையை மாற்றுவாள், மெத்தையைத் தூக்கி மாடியில் வெயிலில் போடுவாள். பிறகு அவருடைய பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் சர்வீஸ் விடுவாள். அவளுக்கு பைக் ஓட்டத் தெரியாது. அந்த மெக்கானிக் கடைசியில் கேட்டே விட்டார், "ஏம்மா, போன தபா வுட்டதுக்கு அப்பறம் வண்டி ஓடவே இல்லியே, எதுக்கு மறுபடி சர்வீஸ்?" என்று. "அவர் வந்ததும் எடுக்கணும்ல" என்றாளாம்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் வேறு.

அவளுக்குக் கல்யாணம் தள்ளித்தான் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. குமணன்சாவடி பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று அவள் உடம்பு படாத பாடு பட்டிருந்தது. இரண்டு பேரிடமும் எடுத்துக் கருவாக்கி, அதை உறைய வைத்து அங்கே பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒரு தடவை கர்ப்பப்பையில் வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் அவர் கொச்சியில் இருந்தார். இவள் தனியாகப் போய்ப் படுத்து, தனியாக ஆட்டோ பிடித்து வந்து, பதினைந்தாம் நாள் தனியாக உட்கார்ந்து அழுதாள். இன்னும் ஒரு தடவைக்குத்தான் பாக்கி இருந்தது.

"இன்னொரு தடவ அவர் இல்லாம அந்தக் கட்டில்ல படுக்க மாட்டேன்க்கா. என்ன ஆனாலும் சரி" என்று என்னிடம் சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் குரல் கறாராக இருக்கும்.

டாக்டரம்மாவும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, வளர்ந்துகொண்டு வருகிறது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ரொம்ப நாள் இழுக்காதே என்று. அதனால் எதிர் வீட்டில் அந்தக் கப்பலுக்காகக் காத்திருந்தது வெறும் புருஷனுக்காக இல்லை.

தீபாவளி வந்தது. கப்பலுக்கு எஞ்சின் வரவில்லை. அது வேறொரு நாட்டிலிருந்து வர வேண்டுமாம், அங்கே சண்டையாம். அடுத்தது பங்குனி என்றார்கள். பங்குனி வந்தது. அங்கே இன்னும் கடல் உறைந்து கிடக்கிறதாம், ஓட்டிப் பார்க்க முடியாதாம். வைகாசி என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஒட்டடை, திரைச்சீலை, மெத்தை, பைக். ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் போய், "இந்த மாசம் வந்துடுவார் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவாள். டாக்டரம்மா மாத்திரையை மாற்றி எழுதித் தருவார்.

நான் வேலை முடிந்து ரயிலில் நின்றபடியே வந்து, படியேறி, செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசலில் நிற்பேன். எதிர் வீட்டுக் கதவு திறக்கும். "அக்கா, வைகாசி கடைசின்னு உறுதியாச் சொல்லிட்டாங்களாம்!" அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும். பாவம் என்றும் இருக்கும். பெரும்பாலும் இரண்டுக்கும் தெம்பிருக்காது. "சரிடி, நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

வைகாசியில்தான் அது நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் ஒரு பெருமை. கப்பல் வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

"கப்பல வாங்கலையாம்க்கா. இன்னும் மூணு மாசம் ஆகுமாம்."

"அதுக்கு ஏன்டி பல்லக் காட்டுற?"

"இவர்தான் கண்டுபிடிச்சாராம்க்கா! கடல்ல ஓட்டிப் பாத்தப்ப ஏதோ ஒரு பல்சக்கரப் பெட்டியில ஒரு சத்தம் வந்துச்சாம். கப்பல் கட்டற யார்டு ஆளுங்க அது சாதாரணச் சத்தம்தான்னு சொன்னாங்களாம். இவர் ஒத்துக்கலையாம். கழட்டிக் காட்டுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாராம். கழட்டிப் பாத்தா நெஜமாவே உள்ள தேஞ்சிருக்காம்க்கா. பெரிய ஆபீசர் கூப்ட்டுக் கை குடுத்தாராம்."

எனக்கு வந்த கோபத்தில் கத்தியைத் தொட்டியில் போட்டேன். எஞ்சின் வரவில்லை என்றால் யாரையோ திட்டலாம். கடல் உறைந்தால் ஆண்டவனைத் திட்டலாம். இது இந்த மனுஷனே தன் கையால் செய்தது.

"உம் புருஷனுக்கு அறிவு கீதா இல்லியா? இங்க உனக்கு மாசம் போய்க்கினே கீது. அந்தாளுக்குத் தெரியாதா அது? வாய மூடிக்கினு கெடந்தா இந்நேரம் வந்து சேந்திருப்பான் இல்ல!"

அவள் அசந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அதுல அத்தன பேர் போவாங்கக்கா. அவங்க ஊட்லயும் பொண்டாட்டிங்க இருப்பாங்கல்ல."

நான் கத்தியைத் தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி மீனைக் கழுவினேன்.

அடுத்த வாரம் அவரே என்னிடம் பேசினார். வீடியோவில் ஒல்லியாகத் தெரிந்தார், கன்னமெல்லாம் ஒட்டிப்போய், குல்லாயும் ஸ்வெட்டருமாக. "அக்கா, என் மேல கோவமா இருக்கீங்களாம்" என்றார்.

"கோவம் இல்லாம? நீயே இப்டிப் பண்ணலாமா தம்பி?"

"எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தூங்கலக்கா. இவ ஞாபகம்தான். ஆனா அந்தச் சத்தம் காதுல விழுந்துடுச்சு. விழாத மாதிரி எப்டி இருக்கறது? என்னால ஆகல." பிறகு அவசரமாகச் சொன்னார். "ஆவணில முடிச்சிடுவோம்னு யார்டு மேனேஜர் சத்தியம் பண்ணாத கொறையாச் சொல்லியிருக்காருக்கா."

அந்த மேனேஜரை நான் பார்த்ததில்லை. அவன் பேசுகிற பாஷையும் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் போனைக் கீழே வைத்துவிட்டு என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். டீ குடிக்கப் போயிருப்பான். நானும் அதைத்தான் செய்வேன்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே மண்ணில் பிடித்து வைத்தவர்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப் போகிறது. அவள் ஆவணிக்காகத் திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தாள்.

ஆவணி போனது. புரட்டாசி வந்தது. இந்தத் தடவை உண்மையிலேயே கடைசிக் கட்டம் என்றார்கள். எல்லாரும் கப்பலோடு கடலுக்குப் போகிறார்கள், முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பியதும் நம் கொடியை ஏற்றி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கடலில் இருக்கும்வரை போன் கிடையாது.

அவர் கடலுக்குப் போன பிறகுதான் அவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. மாதவிலக்குதான், கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் கடையில் யாருக்கோ கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கடைக்காரர் எனக்கு போன் பண்ணினார். நான் அம்பத்தூரிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் ஏற்றி அவள் வழக்கமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். வழியெல்லாம் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். கை ஐஸாகக் கிடந்தது. பூந்தமல்லி ரோட்டு டிராஃபிக்கை நான் திட்டிய திட்டில் ஆட்டோக்காரரே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ரத்தம் ஏற்றினார்கள். போக்கு நிற்கவில்லை. டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாவும் களைத்துப்போய்த்தான் இருந்தார். கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்றார்.

இவள் கேட்டாள். "எத்தன நாள் தள்ளலாம் டாக்டர்?"

"நாள் கணக்கெல்லாம் இல்லம்மா இது."

"ஒரு வாரம்? அவர் கரைக்கு வந்துடுவார். தேதி சொல்லியிருக்காங்க."

"இன்னைக்கேம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நாள் பூராவும் பொய்த் தேதி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவள் அழவில்லை. மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி, "எடுத்துடுங்க" என்றாள். வந்தவாசியிலிருந்து அவள் அம்மா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து, வார்டில் காலை நேரம். அவள் அம்மா கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு அழுதால் பரவாயில்லை, எனக்கே மனசு ஆறும் போல இருந்தது. போன் அடித்தது. அவர்தான், வீடியோவில்.

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. வீடியோவை அணைத்துவிட்டு வெறும் குரலில் எடுத்தாள். "இங்க சிக்னல் சரியில்லைங்க, பேசுங்க" என்றாள். அவர் குரல் எனக்கே கேட்டது. பின்னால் பேண்டு வாத்தியம், காற்று, ஆட்கள் கூச்சல் போடுகிற சத்தம்.

"வாங்கிட்டோம்! இப்பதான் நம்ம கொடி ஏறுச்சு! கேக்குதா? அந்தச் சத்தம் சுத்தமா இல்ல, எஞ்சின் பட்டு மாதிரி ஓடுது!" அந்த மனுஷன் அழுதுகொண்டே சிரித்தார். "ரெண்டு மாசத்துல ஊர் வந்துடுவோம். இது யார்டுக்காரன் சொல்ற தேதி இல்ல. நாங்களே ஓட்டிட்டு வர்றோம். நான் சொல்றேன், நம்பு."

"நம்பறேங்க."

"வந்த மறுநாளே குமணன்சாவடிக்குப் போறோம். டாக்டர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லி வெச்சுடு. தேதி வாங்கி வெச்சுடு, என்ன?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். சொல்லுடி, சொல்லித் தொலை என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு கையால் வயிற்றுக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரிங்க. வாங்கி வெக்கறேன். நீங்க பத்திரமா வாங்க."

போனை மார்மேல் கவிழ்த்து வைத்தாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கிற?" என்றேன். "நீயாடி இப்டிச் சொல்ற?"

"இன்னும் ரெண்டு மாசம் எஞ்சின் பக்கத்துல நிக்கணும்க்கா அவர்" என்றாள். "நம்பிட்டே வரட்டும்."